பட்டினி அல்ல, பத்தியம்

‘தணிதல்’ என்ற வினையிலிருந்து பெயர் பெற்ற ஊர் திருத்தணி. சூரனோடு பொருத முருகன் சினம் தணிந்து அமர்ந்த இடம் என்பது தலபுராணம் கூறும் காரணம். அதனால்தான் கந்தசஷ்டியின்போது பிற முருகன் தலங்களில் சூரசம்ஹாரம் நடக்கும் நாளில் இங்கே அது நடப்பதில்லை. மலர் வழிபாடு மட்டுமே நடைபெறுகிறது. போரை முடிப்பது ஒரு செயல், போர் புரிந்தவன் தன் இயல்புக்குத் திரும்புவது இன்னொரு செயல் என்று இந்தக் கதையை வாசிக்க இடமிருக்கிறது. இரண்டாவது செயலுக்கென்று ஓர் ஊரையே ஒதுக்கி வைத்த மரபு நம்முடையது. ஆனால் விடுமுறைக் கொண்டாட்டம் முடிந்தபின் அன்றாட உணவுக்கு எப்படித் திரும்புவது என்பதை மட்டும் நாம் மறந்துகொண்டிருக்கிறோம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

திருத்தணியை இதற்கு எடுத்துக்கொள்ள இன்னொரு காரணமும் உண்டு. சென்னையிலிருந்து ஏறத்தாழ 85 கிலோமீட்டர், திருப்பதியிலிருந்து 65 கிலோமீட்டர் அளவில் அமைந்த ஊர் அது. கோடை விடுமுறையிலோ அரையாண்டு விடுமுறையிலோ திருப்பதி, திருச்சானூர், காளஹஸ்தி என்று சுற்றிவரும் எத்தனையோ குடும்பங்களுக்கு வீடு திரும்பும் வழியில் வரும் கடைசித் தலம் இதுதான். அதற்குள் நான்கைந்து நாட்கள் கழிந்திருக்கும். காலை உணவு பதினொரு மணிக்கு, மதிய உணவு நான்கு மணிக்கு, இரவு உணவு பேருந்து எங்கே நிற்கிறதோ அங்கே. பூரியும் பரோட்டாவும் மாறிமாறி வந்திருக்கும். கீரை என்ற ஒன்று கண்ணில் பட்டிருக்காது. கைப்பையில் லட்டு, காரில் முறுக்குப் பொட்டலம், ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு தேநீர்.

இதில் எதையும் நான் பழிக்க வரவில்லை. ஊர் சுற்றப் போன இடத்தில் கலோரி எண்ணுகிறவரோடு பயணம் செய்வதைப்போல் கொடுமை வேறில்லை. பிரசாதத்தை மறுப்பதும் தேவையற்றது. பிரசாதத்தின் அளவை நாம் மறந்துவிட்டோம் என்பதே என் குறை. முத்துசுவாமி தீட்சிதர் திருத்தணியில் தம் முதல் கிருதியைப் பாடியதற்குச் சொல்லப்படும் கதையை இசை அன்பர்கள் அறிவார்கள். முதியவர் ஒருவர் வந்து அவர் வாயில் கற்கண்டை இட்டாராம். ஒரு துண்டுக் கற்கண்டு. அது போதுமானதாக இருந்தது. திருப்பதி லட்டு ஏறத்தாழ 175 கிராம் எடையுள்ளது. உதிர்த்து வீட்டிலும் அண்டை அயலிலும் பகிர்வதற்கென்றே அமைந்த பண்டம் அது. அதை ஒருவரே உட்கார்ந்து முடிக்கும்போது பிரசாதம் சிற்றுண்டியாகிவிடுகிறது.

சரி, விடுமுறையில் உண்பதால் உண்மையில் எவ்வளவு கேடு? 2000ஆம் ஆண்டில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஆய்வொன்று இங்கே உதவும். அமெரிக்காவில் 195 பேரின் எடையை அவர்களுடைய பண்டிகைப் பருவத்தின் முன்னும் பின்னும் தொடர்ந்து பார்த்தார்கள். சராசரியாகக் கூடியது 0.37 கிலோ மட்டுமே. தங்களுக்குக் கூடியிருக்கும் என்று அவர்கள் எண்ணியதோ இதைப்போல் பல மடங்கு. செய்தி இத்துடன் முடிந்திருந்தால் நிம்மதியாக இன்னொரு அதிரசம் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஆய்வின் முக்கியமான பகுதி அடுத்தது: கூடிய அந்தச் சிறு எடை பின்வந்த மாதங்களில் குறையவில்லை. ஆண்டுக்கு அரைக் கிலோவுக்கும் குறைவு என்பது அற்பமாகத் தோன்றும். இருபது ஆண்டுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஆகவே நம் சிக்கல் விருந்தில் இல்லை. விருந்து முடிந்ததை நாம் ஒப்புக்கொள்ளாததில் இருக்கிறது. வீடு திரும்பிய பின்னும் முறுக்கு டப்பா காலியாகும்வரை விடுமுறை நீள்கிறது. பதினொரு மணிச் சிற்றுண்டியும் பத்தரை மணி இரவு உணவும் ஓசையின்றி வழக்கமாகிவிடுகின்றன.

இன்னொரு வகையினர் நேர் எதிர்த் திசையில் போகிறார்கள். திங்கட்கிழமை காலை எடைக்கருவியில் ஏறி, இரண்டு கிலோ கூடியிருப்பதைக் கண்டு திடுக்கிட்டு, மூன்று நாள் சாறு மட்டும் குடிப்பதென்று முடிவெடுக்கிறார்கள். ‘டீடாக்ஸ்’ என்று அதற்குப் பெயர். இங்கே உடலின் கணக்கைக் கொஞ்சம் அறிந்துகொள்வது நல்லது. ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறத்தாழ 7,700 கலோரி. ஒரு வாரத்தில் இரண்டு கிலோ கொழுப்பு சேர வேண்டுமானால் நாள்தோறும் தேவைக்கு மேல் 2,200 கலோரி உண்டிருக்க வேண்டும். அது எளிதில் நடக்கக்கூடியதன்று. கூடியதில் பெரும்பகுதி நீர். மாவுச்சத்து மிகும்போது உடல் அதைக் கிளைக்கோஜனாகக் கல்லீரலிலும் தசையிலும் சேமிக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரைத் தன்னோடு பிடித்து வைக்கிறது. உணவகச் சாம்பாரிலும் ஊறுகாயிலும் உள்ள உப்பும் நீரைத் தேக்குகிறது. நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். பயணத்தில் அந்த எல்லை மதியத்துக்குள்ளேயே கடக்கப்பட்டுவிடும். வழக்கமான உணவுக்குத் திரும்பிய சில நாட்களில் இந்த நீர் தானாகவே வடிந்துவிடுகிறது. அதை வடித்த பெருமையைச் சாறு விற்பவர்கள் தட்டிக்கொண்டு போகிறார்கள். நச்சு நீக்கும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் விடுமுறையில்லாமல் செய்துகொண்டுதான் இருக்கின்றன.

பட்டினிக்குப் பின்னால் ஓர் அபாயமும் உண்டு. இந்தியாவில் பத்துக் கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவு உள்ளவர்கள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்த பெரிய ஆய்வு 2023இல் தெரிவித்தது. நீரிழிவின் வாசலில் நிற்பவர்கள் மேலும் 13 கோடிக்கு மேல். கிளிமிபிரைடு போன்ற மாத்திரை உட்கொள்பவரோ இன்சுலின் போட்டுக்கொள்பவரோ லட்டுக்குப் பரிகாரமாகத் திடீரென்று ஒருநாள் உணவை விட்டால், சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடக்கூடும். கிருத்திகை விரதம் இருக்கும் பெரியவர்களுக்கும் இது பொருந்தும். மருத்துவரைக் கேட்டு மாத்திரை அளவை மாற்றிக்கொள்ளாமல் விரதத்தில் இறங்குவது பக்தி ஆகாது. வீட்டில் அப்படி ஒரு பெரியவர் இருந்தால், லட்டை எண்ணுவதைவிட இதைக் கவனிப்பது முதல் கடமை.

நம் மொழியில் இதற்கு நல்ல சொற்கள் இருக்கின்றன. பட்டினி ஒரு சொல், பத்தியம் இன்னொரு சொல். பட்டினி என்றால் இல்லாமை. பத்தியம் வடமொழியில் வழியைக் குறிக்கும் சொல்லோடு தொடர்புடையது. உடலின் வழிக்கு ஒத்தது என்பது அதன் பொருள். காய்ச்சல் கண்டு எழுந்தவருக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் பத்தியம் உண்டு. இன்னது இன்ன நேரத்தில் இவ்வளவு என்று வகுத்து ஊட்டுவதே அது. திருக்குறளில் ‘மருந்து’ என்ற 95ஆம் அதிகாரம் பட்டினியை மருந்தாகச் சொல்லவில்லை. முன் உண்டது செரித்ததை அறிந்து, அளவறிந்து, பசித்து, ஒத்துக்கொள்வதை உண் என்பதே அதன் சாரம். தணிகைமேல் உருகிப் பாடிய வள்ளலார் 1867இல் வடலூரில் தருமச்சாலை தொடங்கியதும் பசியைப் பெருந்துன்பமாகக் கருதியதால்தான். பசியை ஒரு தண்டனையாக நமக்கு நாமே விதித்துக்கொள்வதற்கு இவ்விருவரிடமும் ஆதரவு கிடைக்காது.

விரதத்தின் கதையும் வேடிக்கையானது. பலகாரம் என்ற சொல் ‘பலாகாரம்’, அதாவது பழ உணவு என்பதிலிருந்து வந்தது என்பார்கள். சோறு உண்ணாத நாளில் பழம் மட்டும் உண்பது என்ற ஏற்பாடு, காலப்போக்கில் இட்லி, தோசை, வடை என்று விரிந்து, இன்று தீபாவளித் தட்டில் வந்து நிற்கிறது. துறப்பதற்கான சொல்லை நாம் தின்பதற்கான சொல்லாக மாற்றிக்கொண்டோம். வெறும் துறவு அன்றாட வாழ்வில் நெடுநாள் தாக்குப்பிடிக்காது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

அதேவேளை, விருந்துக்குப் பின்னால் ஒரு வேலி போடும் பழக்கம் நம் வீடுகளில் இருந்தது. தீபாவளி விடியலில் இனிப்புக்கு முன்பே சுக்கும் மிளகும் திப்பிலியும் ஓமமும் சேர்ந்த லேகியம் நாக்கில் வைக்கப்படும். கல்யாண வீட்டிலிருந்து திரும்பிய மறுநாள் மிளகு ரசம், பருப்புத் துவையல், சுட்ட அப்பளம். யாரும் அதற்கு ஒரு பெயர் வைக்கவில்லை. எடை குறைப்பதாகவும் சொல்லிக்கொள்ளவில்லை. ‘வயிறு சரியில்லை, இன்றைக்கு ரசம்தான்’ என்பார்கள், அவ்வளவே. ரசத்துக்கு மந்திர சக்தி ஒன்றும் இல்லை. ஆனால் விருந்து முடிந்தது என்று வீடு முழுவதற்கும் அது அறிவித்துவிடும்.

திருத்தணி வட்டாரத்துக்கென்று அப்படிப்பட்ட எளிய உணவு ஒன்று உண்டு. எல்லைப் போராட்டங்களுக்குப் பிறகு 1960 ஏப்ரல் முதல் நாளில் அந்த ஊர் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தது. மாநில எல்லை நகர்ந்தது. உணவு எல்லை நகரவில்லை. இந்தப் பக்கம் கேழ்வரகுக் களி, அந்தப் பக்கம் அதுவே ராகி சங்கட்டி. இங்கே புளிச்சக்கீரைக் கடைசல், அங்கே கோங்கூரப் பப்பு. நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் அவை அறிவித்தபின் நகரத்துக் கடைகளில் அதன் மதிப்பு கூடியிருக்கிறது. அதற்காகக் கேழ்வரகு பிஸ்கட்டையும் கேழ்வரகு லட்டையும் மருந்தென்று நம்பிவிட வேண்டாம். மென்மையாக அரைத்த மாவு எந்தத் தானியத்தினுடையதாயினும் சர்க்கரையை விரைந்தே ஏற்றும். களி உருண்டை நல்ல உணவாவது அதனோடு வரும் கீரையாலும் பருப்பாலும், ஒன்றிரண்டோடு கை நின்றுவிடுவதாலும்தான்.

ஆனால் இந்தத் திரும்புதலை யார் செய்வது? இதைப் பேசாமல் ஆரோக்கிய உணவைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. விடுமுறையில் குடும்பத்திலுள்ள அனைவருக்கும் ஓய்வு. வீட்டுக்குள் நுழைந்த கணத்தில் பெரும்பாலும் ஒருத்திக்கு மட்டும் அது முடிந்துவிடுகிறது. ஒரு வாரத்து அழுக்குத் துணி, காலியான குளிர்பதனப் பெட்டி, மாவு இல்லாத வீடு. அந்த நேரத்தில் ‘நாளையிலிருந்து எண்ணெய் வேண்டாம், எனக்கு மட்டும் காய்கறி’ என்று கூடத்திலிருந்து ஓர் அறிவிப்பு வந்தால், அந்த உறுதிமொழியின் சுமை முழுவதும் விழுவது அவள் தோளில். களைப்பில் அவள் செயலியைத் திறந்து பிரியாணி வரவழைத்தால் அதில் வியப்பென்ன? பத்தியம் பெரும்பாலும் உடைவது நாக்கின் பலவீனத்தால் அன்று. வேலைப் பங்கீடு இல்லாததால்தான்.

ஆகவே திரும்பும் நாளின் உணவைப் புறப்படும் நாளிலேயே முடிவுசெய்வது நலம். அரிசி நொய்யும் பாசிப்பருப்பும் அளந்து ஒரு டப்பாவில் வைத்துவிட்டுப் போனால், வந்த இரவில் யார் வேண்டுமானாலும் குக்கரில் கஞ்சி வைக்கலாம். வைக்க வேண்டும். பிள்ளைகளும் இதைக் கற்றுக்கொள்ளலாம். மறுநாள் ஒருவர் கீரை வாங்கி ஆயட்டும், இன்னொருவர் மாவு அரைக்கட்டும். கொண்டுவந்த இனிப்பைப் பொட்டலம் கட்டி அன்றே கொடுத்துவிடலாம். அதன்பின் உணவு நேரத்தை மட்டும் பழைய இடத்துக்கு இழுத்தால் போதும். இரவு எட்டு மணிக்குள் முடிந்தால், காலையில் பசி தானே வந்து எழுப்பும். உண்டபின் பத்து நிமிடம் நடப்பது சர்க்கரை ஏற்றத்தைத் தணிக்கும். எடைக்கருவியை ஒரு வாரம் பரண்மேல் வைக்கலாம்.

திருத்தணி மலைக்கு 365 படிகள். ஆண்டின் நாட்களுக்கு ஒன்றாக அவற்றைச் சொல்வார்கள். டிசம்பர் 31 இரவு அங்கே நடக்கும் படித் திருவிழா வள்ளிமலை சுவாமிகள் தொடங்கி வைத்தது. படிக்கொரு திருப்புகழ் பாடி, பூசை செய்து, அடியார்கள் ஏறுகிறார்கள். அதே இரவில் நம்மில் பலர் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடுவதாகச் சூளுரைக்கிறோம். அந்தச் சூளுரை பொங்கல்வரை தாங்கினால் பெரிது. வாகனத்தில் மேலே போய்விடவும் சாலை இருக்கிறது. ஆனால் உணவுப் பழக்கத்துக்கு அப்படியொரு சாலை இதுவரை போடப்படவில்லை. அங்கே ஒரு வேளைக்கு ஒரு படிதான், அதையும் வீட்டிலுள்ள எல்லோரும் சேர்ந்தே ஏற வேண்டியிருக்கிறது.