இழந்த கதையையும் சொல்லுவோம்

பெங்களூரின் ஆஸ்டின் டவுனுக்குக் கிட்டல் நகர் என்ற பெயரும் சூட்டப்பட்டுள்ளது. ஆயினும் அங்கு வாழ்வோரின் நாவில் நிலைத்திருப்பது பழைய பெயரே. ஊரின் நினைவு அரசாணையால் மட்டும் அமைவதன்று. ஒருவர் மற்றொருவருக்குச் சொல்லிச் சொல்லியே அது நிலைபெறுகிறது. 1809ஆம் ஆண்டில் ஆங்கிலேயப் படை ஸ்ரீரங்கப்பட்டினத்திலிருந்து பெங்களூருக்கு இடம்பெயர்ந்தபின் எழுந்த கண்டோன்மென்ட் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் வேரூன்றியதும் இவ்வாறுதான். வேலை எங்கே கிடைக்கும், வாடகைக்கு வீடு எங்கே உண்டு, யாரிடம் கடன் வாங்கலாம், யாரிடம் வாங்கலாகாது என்பனவற்றை முன்னே வந்தவர் பின்னே வந்தவர்க்குச் சொன்னார். அந்தச் சொல்லே அவர்களுக்கு முதல் முதலீடு.

இன்று அப்பணியின் பெரும்பகுதி கைப்பேசிக்குள் நடைபெறுகிறது. குடியிருப்போர் குழு, பள்ளித் தோழர் குழு, உறவினர் குழு என நாம் ஒவ்வொருவரும் சில வாட்ஸ்அப் குழுக்களிலேனும் இடம்பெற்றிருக்கிறோம். பழைய தெருக்களின் நிழற்படங்களும் கால்பந்துத் திடலைப் பற்றிய நினைவுகளும் அங்கே வருகின்றன. அவற்றினூடே பணம் பற்றிய அறிவுரைகளும் வருகின்றன. பழைய நினைவொன்றில் பிழை நேர்ந்தால் அதை அறிந்த வேறொருவர் திருத்துவார். பண அறிவுரை பிழைத்தாலோ, ஒரு குடும்பத்தின் சேமிப்பே கரைந்துபோகும்.

ஆகவே பணத்தைப் பற்றி எதனையும் பகிர வேண்டாம் என்று சிலர் கூறுவர். நம் கருத்து அதுவன்று. நாம் இன்னும் போதிய அளவு பகிரவில்லை என்பதே நம் கருத்து. ஈட்டியதைச் சொல்லுகிறோம், இழந்ததைச் சொல்லுவதில்லை. குறை அங்கேதான் இருக்கிறது.

உண்மை பேசும் சாட்சியும் வழி தவறச் செய்யும்

ஆஸ்டின் டவுனிலிருந்து அதிகத் தொலைவில்லாத சிவாஜிநகரில் இயங்கிய ‘ஐ மானிட்டரி அட்வைஸரி’ என்னும் நிறுவனத்தைப் பெங்களூர் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2006ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அந்நிறுவனம், வட்டி வாங்க விரும்பாதவர்களிடம் இலாபப் பங்கு தருவதாகக் கூறிப் பணம் திரட்டியது. 2019ஆம் ஆண்டு ஜூன் மாதம் அதன் உரிமையாளர் நாட்டை விட்டு வெளியேறினார். பல்லாயிரம் பேர் முறையீட்டு மனுக்களுடன் வரிசையில் நின்றனர். அடுத்த மாதம் அவர் தில்லியில் கைது செய்யப்பட்டார். வழக்குப் பின்னர் சிபிஐ வசம் சென்றது.

இத்தகைய திட்டங்கள் விளம்பரத்தால் மட்டும் வளர்வன அல்ல. ‘எனக்கு மாதந்தோறும் தவறாமல் பணம் வருகிறது’ என்று உறவினரோ அண்டை வீட்டாரோ சொல்லும் ஒரு சொல் பத்து விளம்பரங்களுக்கு நிகர். அதைச் சொல்லுபவர் பொய் சொல்லுவதில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். அவருக்குப் பணம் வருவது உண்மை. அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பது மட்டுமே அவருக்குத் தெரியாது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒருவர் 1,00,000 ரூபாய் செலுத்துகிறார். மாதம் 3 விழுக்காடு, அதாவது 3,000 ரூபாய், அவருக்குத் தரப்படுகிறது. பத்து மாதங்களில் அவர் பெறுவது 30,000 ரூபாய். நிறுவனம் எந்த வணிகமும் செய்யாமல் அவர் கொடுத்த பணத்திலிருந்தே அதைத் தந்திருந்தாலும், இன்னும் 70,000 ரூபாய் அதன் கையில் இருக்கும். மனம் மகிழ்ந்த அவர் தம் உறவினர் மூவரை அழைத்து வருகிறார். அவர்களும் ஆளுக்கு 1,00,000 ரூபாய் செலுத்துகின்றனர். இப்போது கையில் இருப்பது 3,70,000 ரூபாய். மாதச் செலவு 12,000 ரூபாய். ஒரு காசும் ஈட்டாமலேயே இன்னும் ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் நால்வருக்கும் தவறாமல் பணம் தரலாம். அந்த இரண்டரை ஆண்டுகளும் அந்நால்வர் சொல்லும் சாட்சி முற்றிலும் உண்மையாகவே இருக்கும்.

1920ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 45 நாள்களில் 50 விழுக்காடு இலாபம் தருவதாகச் சொன்ன சார்லஸ் பொன்சி என்பவரின் திட்டமும் இதே கணக்கில்தான் ஓடியது. நூறாண்டுகள் கடந்தும் இம்முறை அழியாமைக்குக் காரணம், மனிதர்கள் தமக்கு நன்கு தெரிந்தவர்களின் அனுபவத்தை நம்புவதுதான். அந்த நம்பிக்கை பிழையன்று. ‘எனக்கு வந்தது’ என்னும் அனுபவத்தை ‘உங்களுக்கும் வரும்’ என்னும் வாக்குறுதியாக மாற்றிக்கொள்வதே பிழை.

இழந்தவர் வாய் திறப்பதில்லை

குழுவில் நூறு பேர் இருக்கிறார்கள் என்று கொள்வோம். ஒரு திட்டத்தில் பத்துப் பேர் பணம் போட்டு, இருவர் ஈட்டி, எண்மர் இழந்திருந்தாலும், குழுவில் ஒலிப்பது அந்த இருவரின் குரலே. மற்ற எண்மரும் வெட்கத்தால் வாய் மூடியிருப்பர். படித்தவர், பதவியில் இருந்தவர், பேரப்பிள்ளைகள் உள்ளவர் ஏமாந்தார் என்றால் பிறர் என்ன நினைப்பர் என்னும் தயக்கம் அவர்களைத் தடுக்கிறது. எஞ்சிய தொண்ணூறு பேர்க்கு, அத்திட்டத்தில் சேர்ந்த அனைவரும் ஈட்டினர் என்ற தோற்றமே கிடைக்கிறது.

இந்த மௌனத்தின் மீதுதான் மோசடிகள் வளர்கின்றன. ஆதலால், இழந்ததை ஒருவர் வெளிப்படையாகச் சொல்லும்போது அவரை நகைப்பதும், ‘நான் அன்றே சொன்னேனே’ என்று குத்திக்காட்டுவதும் அவர் ஒருவருக்கு மட்டும் இழைக்கும் தீங்கல்ல. அடுத்து ஏமாறவிருக்கும் ஒருவரின் காதையும் நாம் அடைத்துவிடுகிறோம். இழந்த கதையைச் சொல்லுபவருக்கு நன்றி கூறும் குழுவே பாதுகாப்பான குழு.

ஆண்டு குறிக்காத அறிவுரை

அறிவுரை கெட்டுப்போவதற்கு இன்னொரு காரணம் காலம். ‘வங்கியில் 1,00,000 ரூபாய்க்கு மேல் காப்பீடு கிடையாது’ என்று பெரியவர் ஒருவர் இன்றும் சொல்லக்கூடும். 1993ஆம் ஆண்டு தொடங்கி 2020 பிப்ரவரி 3 வரை அது உண்மை. மறுநாள், பிப்ரவரி 4 முதல், வைப்புத்தொகைக் காப்பீட்டின் வரம்பு 5,00,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஒருவர் ஒரு வங்கியின் எல்லாக் கிளைகளிலும் தம் பெயரில் வைத்திருக்கும் அசலும் வட்டியும் சேர்த்தே இவ்வரம்பு கணக்கிடப்படுகிறது. பெரியவரின் நினைவில் பிழையில்லை. அதற்குரிய ஆண்டு மட்டுமே விடுபட்டுவிட்டது.

ஆஸ்டின் டவுனின் மறுபெயருக்குரிய பெர்டினாண்ட் கிட்டல் 1894ஆம் ஆண்டில் வெளியிட்ட கன்னட–ஆங்கில அகராதியில் ஏறத்தாழ 70,000 சொற்கள் உள்ளன. ஒரு சொல் எந்த நூலில், எவ்விடத்து வழக்கில் கிடைத்தது என்பதை அவர் ஆங்காங்கே குறித்துச் சென்றார். அதனால்தான் இன்றும் அறிஞர்கள் அதை நம்பி எடுத்தாளுகின்றனர். ஒரு சொல்லுக்கே அவ்வளவு கவனம் வேண்டுமெனில், ஒரு குடும்பத்தின் சேமிப்பைத் தொடும் அறிவுரைக்கு எவ்வளவு வேண்டும்? இது எனக்கு நேர்ந்ததா, பிறர் சொல்லக் கேட்டதா, எந்த ஆண்டில் நேர்ந்தது என்னும் மூன்றையும் சேர்த்துச் சொன்னால், கேட்பவர் அதை எடைபோட்டுப் பார்க்க இயலும். எங்கிருந்தோ வந்ததை அப்படியே மேலனுப்பும் செய்திக்கு இந்த மூன்றும் இருப்பதில்லை.

பிறர்க்குப் பயன்படுவன

நடைமுறை அனுபவங்களே பகிர்வதற்கு மிகவும் ஏற்றவை. மறைந்த தந்தையின் பழைய வைப்பைத் தேடிப் பெற்ற ஒருவர், அதன் வழியைக் குழுவில் எழுதலாம். பத்தாண்டுகள் உரிமை கோரப்படாத வைப்புகள் ரிசர்வ் வங்கி பேணும் நிதிக்கு மாற்றப்படுகின்றன. ஆயினும் உரியவரோ வாரிசுகளோ அதன் பின்னரும் வங்கியை அணுகிப் பெற இயலும். எந்த வங்கியில் அத்தகைய வைப்பு உள்ளது என்று தேட, 2023 ஆகஸ்டு முதல் ‘உத்கம்’ என்னும் இணையதளம் உள்ளது. என்னென்ன சான்றுகள் கேட்டார்கள், எத்தனை முறை செல்ல நேர்ந்தது என்பனவற்றை அனுபவப்பட்டவரே சொல்ல முடியும்.

நியமனதாரரைக் குறிக்காமல் விட்டதால் அலைந்த குடும்பத்தினரும் அதைச் சொல்லலாம். 2025 நவம்பர் 1 முதல் ஒரு வைப்புக் கணக்கிற்கு நால்வர் வரை நியமிக்கலாம். இன்னார்க்கு இத்தனை விழுக்காடு என்று பிரிக்கவும், ஒருவருக்குப்பின் ஒருவர் என்று வரிசைப்படுத்தவும் இடமுண்டு. நியமனதாரர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் உரிமை உடையவரே அன்றி, அதனாலேயே முழு வாரிசு ஆகிவிடுவதில்லை என்பதையும் பலர் அறியார்.

இணையவழியில் பணம் பறிகொடுத்தவர், 1930 என்னும் எண்ணை எத்தனை நிமிடங்களில் அழைத்தார், என்ன நேர்ந்தது என்று எழுதினால், அது பலருக்கு மனத்தில் பதியும். மக்களிடம் வைப்புத்தொகை பெற ஒரு நிறுவனத்துக்கு அனுமதி உண்டா என்று ரிசர்வ் வங்கியின் ‘சசேத்’ இணையதளத்தில் பார்த்தவர், பார்த்த முறையைச் சொல்லித் தரலாம்.

பகிரலாகாதவையும் உண்டு. காசோலையின் படம், கணக்குப் புத்தகத்தின் பக்கம், ஓடிபி, பிறந்த நாளுடன் கூடிய அடையாள அட்டை ஆகியவை எந்தக் குழுவிற்கும் உரியன அல்ல. அவ்வாறே மற்றொருவரின் கடனும் நோயும் குடும்பச் சிக்கலும் அவர் இசைவின்றிச் சொல்லத்தக்கவை அல்ல. நம் நினைவுகள் நமக்குரியன. பிறருடைய துன்பம் அவர்களுக்குரியது.

இவற்றையெல்லாம் வங்கியே வாடிக்கையாளர்க்குச் சொல்லலாமே என்று கேட்கலாம். வங்கி சொல்லுகிறது, சொல்லவும் வேண்டும். ஆனால் கிளையின் சுவரில் ஒட்டிய அறிவிப்பைப் படிக்காதவரும் எதிர்வீட்டு அக்காள் சொன்னால் நின்று கேட்பார். அந்த நம்பிக்கையை எந்த நிறுவனமும் விலைக்கு வாங்க முடியாது. மோசடிக்காரர்கள் மட்டுமே அதை இலவசமாகப் பயன்படுத்திக்கொள்ளுகின்றனர். ‘இதில் பணம் போடுங்கள்’ என்னும் சொல்லைக் குறைத்து, ‘இந்த ஆண்டில் எனக்கு இவ்வாறு நேர்ந்தது’ என்னும் சொல்லை வளர்த்தால், அந்த நம்பிக்கை நம்மைக் காக்கும். முடிவெடுக்கும் உரிமையைக் கேட்பவரிடமே விட்டுவிடுவோம். நாம் இழந்தது இருப்பின், அதையும் மறைக்காமல் சொல்லுவோம்.