இன்ஜின் நின்ற பிறகும் ஓடும் பம்ப்

சிவகாசிப் பட்டாசு ஆலைகளில், வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் தொழிலாளி உள்ளே நுழையணும். உடம்பில் இருக்கிற ஸ்டாட்டிக் மின்சாரம் பூமிக்குள் இறங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத பொறிக்கே அவ்வளவு மரியாதை கொடுக்கிற ஊர்.

அந்த ஊரிலிருந்துதான், தீபாவளிக்கு முந்தின வாரம், விருதுநகர் நண்பரின் பழைய பெட்ரோல் அம்பாசடரில் திரும்பிக்கொண்டிருந்தோம். டிக்கி நிறைய பட்டாசு. திருத்தங்கல் தாண்டியதும் வண்டி இழுத்து இழுத்து நின்றுவிட்டது. நண்பர் சாவியை ஆஃப் பண்ணாமலேயே செல்போனை எடுத்தார். பின்பக்கமிருந்து ‘டக்... டக்... டக்’ என்று சத்தம். பானெட்டைத் திறந்தேன். கார்புரேட்டர் வழிந்து, பெட்ரோல் சொட்டுச் சொட்டாகக் கீழே விழுகிறது. கீழே இருப்பது என்ன தெரியுமா? கொதிக்கிற எக்ஸாஸ்ட் மேனிபோல்ட்! ஓடிப்போய் சாவியைத் திருப்பினேன். கால் நடுக்கம் நிற்க அரை மணி நேரமாச்சு.

விஷயம் இதுதான். அம்பாசடரின் ஒரிஜினல் பம்ப் மெக்கானிக்கல். இன்ஜினின் கேம் ஷாஃப்ட் ஒரு லீவரைத் தள்ள, உள்ளே இருக்கும் டயாப்ரம் பெட்ரோலை இழுக்கும். கத்தரி வெயிலில் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொண்டால் பம்ப் மேல் ஈரத்துணி போட்டுக் காத்திருக்கணும். டயாப்ரம் கிழிந்தால் பெட்ரோல் இன்ஜின் ஆயிலில் கலக்கும். இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வேறு. பழைய ரப்பருக்கு அது ஆகவே ஆகாது. அதனால் எலெக்ட்ரிக் பம்ப்புக்கு மாறுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. டேங்க் பக்கத்திலிருந்து பெட்ரோலைத் தள்ளுவதால் ஆவி அடைப்பும் குறையும்.

ஆனால், பழைய பம்ப்பிடம் ஒரு நல்ல குணம் இருந்தது. இன்ஜின் நின்றால் அதுவும் நின்றுவிடும். புதுசுக்கு அது தெரியாது. சாவி ஆனில் இருக்கிறவரை கரன்ட் வரும். மரத்தில் மோதி டிரைவர் மயங்கிக் கிடந்தாலும், டியூப் அறுந்திருந்தாலும், கடமை தவறாமல் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும்.

இதற்கு மருந்து இல்லையா? இருக்கிறது. ஆயில் பிரஷர் ஸ்விட்ச் ஒன்று போட்டால் இன்ஜின் நின்றதும் பம்ப்புக்கு கரன்ட் போகாது. ஸ்டார்ட் பண்ணும் நேரத்துக்கு மட்டும் ஸ்டார்ட்டரிலிருந்து தனி வயர். மோதினால் தானாகவே கட் ஆகிற இனர்ஷியா ஸ்விட்ச்சை ஃபோர்டு கார்களில் பார்க்கலாம். இன்றைய கார்களில் சாவியைத் திருப்பினால் ஓரிரு செகண்ட் ‘ங்ங்’ என்று கேட்டு நின்றுவிடுகிறதே, அதுவும் கம்ப்யூட்டர் பார்க்கிற இதே காவல் வேலைதான்.

நான் படித்தது பி.காம். இன்ஜினைப் பிரிக்கத் தெரியாது; பில் படிக்கத் தெரியும். நண்பருக்குப் பம்ப் மாட்டிய ஒர்க்‌ஷாப்பின் பில்லை வாங்கிப் பார்த்தேன். பம்ப், ஹோஸ், கிளிப், லேபர். ரிலே இல்லை, ஸ்விட்ச் இல்லை, தனி ஃபியூஸ்கூட இல்லை. இக்னிஷனிலிருந்து ஒரே வயர், சோலி முடிஞ்சது! இன்னொரு கொடுமை, பம்ப்பின் பிரஷர். கார்புரேட்டர் ஊசி தாங்குவது மூணு, நாலு பி.எஸ்.ஐ.தான். மாட்டியிருந்தது அதைவிடக் கூடுதல். ஊசி எப்படி அடைக்கும்? வழியத்தான் செய்யும். சிலர் இன்ஜெக்‌ஷன் காரின் பம்ப்பையே பழைய இரும்புக் கடையிலிருந்து எடுத்து மாட்டுகிறார்கள். அதன் பிரஷர் நாற்பது பக்கம்!

கேட்டால் மெக்கானிக் சொல்கிறார்: “மோரிஸ் மைனர்ல அந்தக் காலத்துலயே எலெக்ட்ரிக் பம்ப்தான் சார். எவன் ஸ்விட்ச் போட்டான்?” வாஸ்தவம்தான். மோரிஸ் மைனர் வந்தபோது அதில் சீட் பெல்ட்டும்தான் இல்லை. அதற்காக?

மெக்கானிக்கை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை. “ஸ்விட்ச் போட்டா கொஞ்சம் கூட ஆகும்ணே” என்று அவர் சொல்லத்தான் செய்தாராம். “அதெல்லாம் எதுக்குப்பா?” என்றவர் நண்பர். அதே வாரம் அதே காருக்கு மியூசிக் சிஸ்டம் மாட்டியவரும் அவர்தான்.

உங்களிடம் பழைய அம்பாசடரோ பத்மினியோ இருந்தால், பம்ப் மாற்றுவதற்கு முன்னால் மெக்கானிக்கிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “இன்ஜின் நின்னா பம்ப் நிக்குமா?” “சாவியை ஆஃப் பண்ணுனா நிக்கும் சார்” என்று பதில் வந்தால், வண்டியை எடுத்துக்கொண்டு வேற ஒர்க்‌ஷாப் பாருங்கள்.