எண்ணெய் விற்கும் நாம் எண்ணெயை அறிவோமா?

கண்டி மாவட்டத்தில் ஒரு சிறு நகரில் நான் சில்லறைக் கடை வைத்திருக்கிறேன். இருபத்தாறு வருட வியாபாரத்தில், விலைக்கு அடுத்தபடியாக என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்று உண்டு. "நாநா, எந்த எண்ணெய் நல்லம்?" என்பதே அது. இதற்கு நான் எப்போதும் தயங்காமல் பதில் சொல்லியிருக்கிறேன். எந்தப் போத்தலில் எனக்குக் கூடுதலாக நிற்குமோ, எந்தச் சரக்கு தட்டில் தேங்கிக் கிடக்கிறதோ, அதைக் கைகாட்டினேன். பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்து அப்படிச் செய்யவில்லை. எனக்கே தெரியாது என்பதுதான் உண்மை. அரிசியில் சம்பா, நாடு, கீரி என்று கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சொல்லக்கூடிய எனக்கு, தினமும் அளந்து ஊற்றுகின்ற எண்ணெயைப் பற்றி விலையைத் தவிர வேறெதுவும் தெரிந்திருக்கவில்லை.

2022ஆம் ஆண்டை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். டொலர் இல்லை, கேஸ் இல்லை. அந்த வருடம் பெப்ரவரியில் உக்ரேன் யுத்தம் தொடங்கி சூரியகாந்தி எண்ணெயின் விலை ஏறியது. ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா பாம் எண்ணெய் ஏற்றுமதியைச் சில வாரங்களுக்கு நிறுத்தியது. எங்கோ நடப்பவை நம் கடைப் பலகைக்கு எவ்வளவு விரைவாக வந்து சேர்கின்றன என்பதை அப்போது கண்டோம். லீட்டர் கணக்கில் வாங்கியவர்கள் 100 மில்லி, 50 மில்லி என்று பையில் கட்டித் தரச் சொன்னார்கள்.

அந்த நாட்களில் ஒருவர் வானில் வந்தார். 20 லீட்டர் கேன் இரண்டு, மொத்த விலையை விடக் கணிசமாகக் குறைவு. "நேரே மில்லில் இருந்து வருவது" என்றார். பார்த்தேன், நிறம் தெளிவாகத்தான் இருந்தது. மணந்து பார்த்தேன், மணமே இல்லை. தேங்காய் எண்ணெய் என்று சொல்லி விற்கும் ஒன்றில் தேங்காய் மணம் கொஞ்சமும் இல்லையே என்று அந்த இடத்திலேயே நான் யோசித்திருக்க வேண்டும். சுத்திகரித்ததாக இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு வாங்கி வைத்தேன். பில் கேட்கவும் இல்லை, அவர் தரவும் இல்லை.

மூன்றாம் நாள், வீட்டில் ரோல்ஸும் சம்சாவும் செய்து கடைகளுக்குக் கொடுத்து மூன்று பிள்ளைகளை வளர்க்கும் ஒரு சகோதரி வந்தார். புறங்கையில் துணி சுற்றியிருந்தது. தாச்சியில் எண்ணெய் சூடேறியதும் சவர்க்கார நுரை போலப் பொங்கி அடுப்பில் வழிந்து தீப்பற்றியதாம். பெரிய மகன் மூடியைப் போட்டு அமர்த்தியிருக்கிறான். "நாநா, உங்கட கடையில வாங்கினதால ஒன்டும் பார்க்கல்ல" என்றார். அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மருந்துச் செலவையும் கொடுத்தேன். வான்காரரின் தொலைபேசி வேலை செய்யவில்லை. பெரிய சமையலறைகளில் பலமுறை பொரித்துத் தள்ளிய எண்ணெயை வடிகட்டி, நிறம் நீக்கித் திரும்பவும் சந்தைக்குக் கொண்டு வருபவர்கள் இருக்கிறார்கள் என்று ஒரு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பின்னர் எனக்கு விளக்கினார். என்னிடம் வந்ததும் அதுதான் என்று நிரூபிக்க என்னிடம் எதுவுமில்லை. ஆனால் அப்படிப் பொங்கி நுரைப்பது பாவித்துத் தேய்ந்த எண்ணெயின் இயல்பு என்பதை இப்போது அறிவேன். வெட்கத்தை விட்டு இன்னொன்றையும் எழுத வேண்டும். மீதியாக இருந்த ஒன்றரைக் கேன் எண்ணெயை உடனே நான் கொட்டிவிடவில்லை. ஒரு வாரம் பின்னறையில் வைத்திருந்தேன். பக்கத்துத் தெருவில் சோட் ஈட்ஸ் போடும் ஒருவர் பாதி விலைக்குக் கேட்டார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் அவருக்கு இல்லையென்று சொல்லிவிட்டு, கடைக் கதவின் இரும்புக்கும் தராசுக்கும் பூச ஒரு போத்தலை எடுத்துக்கொண்டு மீதியைக் குழி வெட்டி ஊற்றினேன்.

இவ்வளவுக்குப் பிறகாவது படித்தேனா என்றால், இல்லை. அடுத்த வருடம் என் சொந்த இரத்தப் பரிசோதனை அறிக்கை கைக்கு வந்த பிறகுதான் படித்தேன். கெட்ட கொலஸ்ட்ரோல் 168 என்று இருந்தது. டொக்டர் மாத்திரை எழுதிவிட்டு, "வீட்டில் என்ன எண்ணெய், மாதத்துக்கு எவ்வளவு?" என்று கேட்டார். எண்ணெய் வியாபாரியான எனக்குப் பதில் தெரியவில்லை. மனைவியிடம் கேட்டேன். "நீங்க கொண்டுவாறதுதானே" என்றார்.

வியாபாரிகளுக்குக் கணக்கில் சொன்னால்தான் விளங்கும். எங்கள் வீட்டில் ஐந்து பேர், மாதத்துக்கு 4 லீட்டர் தேங்காய் எண்ணெய். ஒரு லீட்டரின் நிறை ஏறத்தாழ 920 கிராம். ஆக 3,680 கிராம். அதை ஐந்து பேருக்கும் முப்பது நாளுக்கும் பிரித்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 25 கிராம் அளவில் வருகின்றது. தேங்காய் எண்ணெயில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. அப்படியானால் ஆளுக்கு 20 கிராமுக்கு மேல் அதிலிருந்தே வருகின்றது. ஒரு நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு நிறைவுற்ற கொழுப்பு பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார அமைப்பின் ஆலோசனை. கிராமில் பார்த்தால் அது 22. எண்ணெயே அதை ஏறக்குறைய நிரப்பிவிட்டது. கறிக்குப் பிழிந்த தேங்காய்ப்பாலும் மாட்டிறைச்சியும் நெய்ச்சோறும் இன்னும் கணக்கில் சேரவே இல்லை. வெளியில் சாப்பிட்ட கொத்து ரொட்டி தனி.

இதைக் கேட்டதும் சிலர் தேங்காய் எண்ணெய் விஷம் என்று கிளம்புவார்கள். வேறு சிலர், நமது முன்னோர் அதைத்தானே சாப்பிட்டார்கள், அதுதான் சர்வரோக நிவாரணி என்பார்கள். இரண்டு பக்கத்தாரோடும் எனக்கு உடன்பாடில்லை. நமது முன்னோர் ஒரு போத்தல் எண்ணெயை எத்தனை நாள் வைத்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். என் உம்மா தாளிப்பதற்கு மட்டுமே எண்ணெய் எடுப்பார். பொரித்த சாமான் என்பது பெருநாளுக்கும் விருந்தாளிக்கும் உரியது. அவர்கள் நடந்த நடையையும் நாம் நடப்பதில்லை. நான் நாள் முழுக்கக் காசு மேசையில் குந்திக்கொண்டிருப்பவன்.

தேங்காய் எண்ணெயின் நல்ல பக்கம் என்னவென்றால், அது சூட்டை ஓரளவு தாங்கும், விரைவில் காறாது. சூரியகாந்தி, சோயா எண்ணெய்களில் நிறைவுற்ற கொழுப்பு குறைவு என்பதால் இதயத்துக்கு அவை ஏற்றவை என்கிறார்கள். ஆனால் அதே எண்ணெய்களைக் கடும் சூட்டில் மீண்டும் மீண்டும் பொரிக்கப் பாவித்தால் விரைவாகக் கெடும். எனவே தாளிக்கவும் வதக்கவும் அவை நல்லவை. எப்போதாவது பொரிப்பதற்குத் தேங்காய் எண்ணெயே போதும். பாம் எண்ணெயில் ஏறத்தாழ பாதி நிறைவுற்ற கொழுப்பு. நாட்டில் 2021 ஏப்ரலில் அதன் இறக்குமதிக்குத் தடை அறிவித்தபோது பேக்கரிக்காரர்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும். 'மரக்கறி எண்ணெய்' என்று மட்டும் பெயர் போட்ட போத்தலில் பெரும்பாலும் இருப்பது அதுதான். பின்பக்கத்துச் சிறிய எழுத்தை வாசித்தால் தெரியும். நல்லெண்ணெய் விலை கூட, ஆகவே அளவாகத்தான் போகும். அதுவும் ஒரு நன்மை.

போத்தலில் 'கொலஸ்ட்ரோல் அற்றது' என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதைக் காட்டி நானே எத்தனையோ முறை விற்றிருக்கிறேன். தாவர எண்ணெய் எதிலுமே சொல்லத்தக்க கொலஸ்ட்ரோல் கிடையாது. தண்ணீர்ப் போத்தலில் 'சீனி அற்றது' என்று போடுவதைப் போன்ற கதை இது. கொலஸ்ட்ரோலை நம் உடம்பில் ஏற்றுவதில் நிறைவுற்ற கொழுப்புக்குத்தான் பெரிய பங்கு.

இன்னொரு விடயம் அளவு. நம் ஊரில் 'போத்தல்' என்றால் 750 மில்லி. நிறையில் அது ஏறத்தாழ 690 கிராம். பக்கத்தில் லீட்டர் போத்தல் இருக்கும். சில இடங்களில் கிலோவுக்கு விற்கிறார்கள், ஒரு கிலோ என்பது ஒரு லீட்டரை விடச் சற்றுக் கூட. மூன்று விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்தால் வாடிக்கையாளர் குழம்பிப் போகிறார். அந்தக் குழப்பத்தில் நமக்கு நாலு காசு வருகின்றது என்பது நமக்கும் தெரியும். நான் இப்போது எல்லாவற்றுக்கும் லீட்டர் விலையையும் சேர்த்து எழுதுகிறேன். இதனால் வியாபாரம் குறையவில்லை.

மார்கழி, தை மாதக் காலைகளில் எண்ணெய் வெள்ளையாக உறைந்து நிற்கும். "மெழுகு கலந்திருக்கு" என்று திருப்பிக் கொண்டுவருவார்கள். தேங்காய் எண்ணெய் 24 பாகை அளவில் உறையும். நுவரெலியாப் பக்கத்துக் கடைக்காரர்கள் இதைச் சொல்லிச் சொல்லியே களைத்திருப்பார்கள். நல்ல குளிரிலும் ஒரு பகுதி உறைந்து ஒரு பகுதி தண்ணீராக நின்றால்தான் கலப்படமோ என்று சந்தேகப்பட வேண்டும். அதுவும் சந்தேகம் மட்டுமே. உறுதியாகச் சொல்ல ஆய்வுகூடம் வேண்டும்.

கலப்படத்தை விடப் பெரிய பயம் ஒன்றும் உண்டு. 2021 மார்ச்சில் இறக்குமதியான சுத்திகரிக்காத தேங்காய் எண்ணெயில் அஃப்லடொக்சின் என்ற நச்சு இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. சரியாகக் காயாத கொப்பராவில் பூஞ்சணம் பிடிப்பதால் வருவது அது. ஈரல் புற்றுநோய்க்குக் காரணமாகக் கூடியது. கண்ணுக்கும் மூக்குக்கும் பிடிபடாது. அதனால்தான் பில் முக்கியம் என்கிறேன். பில்லும் தயாரிப்பாளர் பெயரும் தொகுதி இலக்கமும் இல்லாத கேனை வாங்கினால், நாளைக்குப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையில் இருந்து வருபவர்களுக்கு முன்னால் நிற்கப்போவது நீங்கள் மட்டுமே. வானில் வந்தவர் இருக்கமாட்டார்.

இனி அடுப்படிக்கு வருவோம். ஆண்களுக்கு இது எதற்கு என்று கேட்க வேண்டாம். கொழும்பில் கடைக்கு மேல் அறை எடுத்துத் தங்கி, மூன்று வேளையும் சாப்பாட்டுக் கடையில் உண்டு வாழும் நம் வியாபாரிகள் எத்தனை பேர்! நாற்பது வயதில் இதயத்தில் குழாய் போட்டுக்கொண்டவர்களை நானும் அறிவேன், நீங்களும் அறிவீர்கள்.

எங்கள் வீட்டில் இப்போது 4 லீட்டர் இரண்டாகக் குறைந்துள்ளது. எந்தப் புதினமும் செய்யவில்லை. எண்ணெயைப் போத்தலில் இருந்து சட்டிக்குச் சரிப்பதை நிறுத்தி மேசைக்கரண்டியால் அளந்தோம், அதிலேயே கால்வாசி மிஞ்சியது. மீனைப் பொரிப்பதற்குப் பதில் மஞ்சளும் மிளகும் கொறுக்காப் புளியும் சேர்த்துச் சட்டியில் தண்ணீர் வற்ற அவிக்கிறோம். தண்ணிப்பாலில் மீன் ஆணத்தைக் கொதிக்க வைத்து, இறக்கும்போது மட்டும் ஒரு அகப்பை கட்டிப்பால் விட்டால் சுவை குறைவதே இல்லை. வெங்காயத்தை வதக்கும்போது ஒட்டினால் எண்ணெய் விடாமல் இரண்டு கரண்டி தண்ணீர் தெளித்தால் போதும். இடியப்பம், பிட்டு, அவித்த கிழங்கு, கஞ்சி எதற்குமே எண்ணெய் தேவையில்லை. இவற்றை எல்லாம் நாம் 2022இல் கேஸ் இல்லாமல் விறகு மூட்டியபோது செய்தோம். சிலிண்டர் வந்ததும் மறந்துவிட்டோம்.

பொரிக்கத்தான் வேண்டும் என்றால், தாச்சியைச் சிறியதாக எடுத்துக்கொள்ளுங்கள். சிறிய தாச்சிக்குக் கொஞ்ச எண்ணெய் போதும், மிச்சமும் குறைவு. எண்ணெய் புகையும் வரை காய வைக்காதீர்கள். காயாத எண்ணெயில் போட்டாலும் பலகாரம் எண்ணெயைக் குடித்துவிடும். மிஞ்சியதை வடித்து மூடி வைத்து ஓரிரு நாளில் கறிக்குத் தாளித்து முடிக்கலாம். கறுத்தால், நுரைத்தால், பிசுபிசுத்தால் அது எண்ணெயே அல்ல. தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. அடுப்பை நிறுத்தி மூடியைப் போட வேண்டும். அந்தச் சகோதரியின் மகனுக்கு இது தெரிந்திருந்தது.

நோன்பு மாதத்தில்தான் இவையெல்லாம் கேள்விக்குறியாகின்றன. பகல் முழுக்க வெறும் வயிறு, மாலையில் முதலில் விழுவது ரோல்ஸும் சம்சாவும் கட்லட்டும். கஞ்சியை முதலிலும் பொரித்ததைக் கடைசியிலும் வைத்தாலே ஆளுக்கு இரண்டு குறையும். எங்கள் வீட்டில் குறைந்தது.

எண்ணெயைக் குறைக்கச் சொல்லி எண்ணெய்க் கடைக்காரனே எழுதுகிறானே என்று ஒரு நண்பர் பகிடி பண்ணினார். எண்ணெயில் எனக்கு நிற்பது சொற்பம், கேன் ஒழுகினால் அதுவும் போய்விடும். பருப்பு, கடலை, மிளகு, கருவாடு, கொறுக்காப் புளி என்பவற்றில் நிற்பது அதைவிடக் கூட. 2024 கடைசியில் தேங்காய் விலை ஏறத் தொடங்கி ஒரு காய் 200 ரூபாயைத் தாண்டியபோது, எண்ணெயில் பெரிய முதலைப் போட்டிருந்தவர்கள்தான் அதிகம் தடுமாறினார்கள்.

வெயில் விழும் முன்மேசையில் இருந்த கண்ணாடி ஜாடியை எடுத்துவிட்டேன். உதிரி எண்ணெய் இப்போது பின்னால் நிழலில், மூடிய எவர்சில்வர் பாத்திரத்தில், வாரத்துக்குப் போதுமான அளவு மட்டும் இருக்கின்றது. பில் அதே சுவரில் ஆணியில் தொங்குகின்றது. ரோல்ஸ் போடும் சகோதரி ஆறு மாதம் என் கடைப் பக்கம் வரவில்லை. பிறகு ஒரு நாள் வந்தார், முதலில் சுவரில் இருந்த பில்லை வாசித்தார், அரை லீட்டர் மட்டும் கேட்டார். இப்போதும் அரை லீட்டர்தான் வாங்குகிறார்.