சமவேகமும் மிகைவிசை என்னும் மயக்கமும்

இயங்கும் பொருளை இழுக்கும் விசை, உராய்வைக் காட்டிலும் சற்றேனும் மிகுந்திருந்தாலன்றி இயக்கம் நீடிக்காது என்னும் நம்பிக்கை, கற்றோர் கல்லாதோர் என்ற பேதமின்றி நம் மலைநாட்டில் வேரூன்றியிருக்கிறது. நியூற்றனின் விதிகளைப் பிழையற ஒப்பிக்கும் மாணவன்கூட, சமவேகத்தில் செல்லும் வண்டியின் படத்தில் முன்னோக்கிய அம்புக்குறியையே நீளமாக வரைகிறான். இந்த அபிப்பிராயம் முற்றிலும் பிழை. அதனைத் திருத்தாது மேலே செல்லும் ஆசிரியர், அம்மாணவனுக்கு அநியாயமே செய்கிறார்.

1885இல் நானுஓயாவை எட்டிய நம் புகையிரதப் பாதையில், 44 அடி செல்வதற்குள் ஓரடி உயரும் ஏற்றங்கள் உண்டு. எஞ்சினோடு சேர்த்து 300 தொன் கொண்ட ஒரு வண்டித்தொடர் அத்தகைய ஏற்றத்தில் வேகம் மாறாமல் ஏறுகிறது என்று கொள்வோம். அதனைப் பின்னிழுக்கும் புவியீர்ப்பின் கூறு ஏறத்தாழ 7 தொன் நிறைக்குச் சமம். அத்துடன் அச்சுகளிலும் சில்லுகளிலும் காற்றிலும் எழும் தடைகளைக் கூட்டினால் வரும் தொகை எதுவோ, வண்டியை முன்செலுத்தும் விசையும் சரியாக அதுவே. இம்மியளவு மிகுந்தாலும் வேகம் ஏறும், குறைந்தால் தளரும். அந்த முன்செலுத்தும் விசைதான் யாது? எஞ்சின் சில்லுகளைத் தண்டவாளம் முன்னோக்கித் தள்ளும் உராய்வேயன்றி வேறில்லை. பனிமூட்டத்தில் தண்டவாளம் நனைந்து சில்லுகள் வழுக்கும்போது மணல் தூவுவது, இயக்கத்தின் சத்துரு என்று நாம் தூற்றும் அந்த உராய்வை வேண்டியே.

மயக்கத்தின் மூலம், தொடக்கத்தை நினைவில் வைத்து தொடர்ச்சியை மறப்பதில் இருக்கிறது. தொழிற்சாலைத் தரையில் கொழுந்துச் சாக்கை இழுப்பவர், அதனை அசைக்கவும் வேகமூட்டவும் மிகுதியாக இழுத்தது மெய்யே. நகரத் தொடங்கியபின் அவர் கை தானாகத் தளர்ந்து உராய்வுக்கு ஈடாக நின்றதை அவரே கவனிப்பதில்லை. உலர்ந்த பரப்புகளின் உராய்வு வேகத்தைப் பெரிதும் சார்ந்ததன்று என்பதால், மெல்லச் சீராக இழுக்கவும் விரைந்து சீராக இழுக்கவும் ஏறக்குறைய ஒரே விசை போதும். இதனைக் கேட்டுத் திகைப்பவர்களிடம் கலிலியோவின் காலத்துக்கு முந்திய இயக்கச் சித்தாந்தம் இன்னும் உயிரோடிருக்கிறது.

இறக்கத்திலோ இந்த மயக்கம் ஆபத்தாகவே மாறுகிறது. றம்பொடைப் பாதையில் 10 தொன் லொறி ஒன்று சமவேகத்தில் இறங்குகையில், வேகம் மாறாததால் எதுவும் நிகழவில்லை என்று எண்ணுவது பேதைமை. ஒவ்வொரு 100 மீற்றர் உயர இழப்புக்கும், சுமார் 30 லீற்றர் குளிர்நீரைக் கொதிக்கவைக்கப் போதிய சக்தி, பெரும்பாலும் வெப்பமாக எங்கேனும் வெளியேறியே தீரவேண்டும். முழுவதையும் பிறேக்கே சுமந்தால் அது கொதித்துப் பிடி தளர்கிறது. குறைந்த கியரில் இறங்கினால் அந்தச் சுமையில் பெரும்பங்கை எஞ்சின் ஏற்றுக்கொள்கிறது.