கேப்டன் வீட்டுக் கணக்கு

கிள்ளானிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மகன் இங்குள்ள விமான நிறுவனம் ஒன்றில் துணை விமானியாகச் சேர்ந்து, கேப்டனாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றனவாம். இப்போது வளைகுடாவிலிருந்து வேலை வந்திருக்கிறது. இங்கே வாங்குவதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் சம்பளம். வீடும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் கம்பெனி பொறுப்பு. வருமான வரி கிடையாது. "போகச் சொல்வதா, வேண்டாம் என்பதா?" என்று கேட்கிறார்.

முடிவெடுக்க வேண்டியவர்கள் மகனும் மருமகளும். ஆனால் ஐயா, என்னவெல்லாம் கொடுப்பார்கள் என்று ஒன்றரைப் பக்கம் எழுதிய நீங்கள், அந்த வேலை ஒருநாள் நின்றுபோனால் என்ன ஆகும் என்று ஒரு வரி எழுதவில்லை. நான் அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

நம் பிள்ளைகள் வெளிநாட்டு விமானங்களை ஓட்டப் போவது புதிதல்ல. 2014இல் அந்த இரண்டு பேரிடர்களுக்குப் பிறகு, 2015இல் மலேசியா ஏர்லைன்ஸ் சுமார் 6,000 பேரைக் குறைத்தது. அப்போதும் அதற்கு முன்பும் பலர் வளைகுடாவுக்கும் சீனாவுக்கும் கிளம்பினார்கள். பயிற்சிப் பள்ளிக்கு லட்சக்கணக்கில் கடன் வாங்கிக் கட்டிய குடும்பங்களுக்கு அது பெரிய மூச்சு. "பையன் டுபாயில் கேப்டன்" என்று கல்யாண வீடுகளில் சொல்லிக்கொள்வதில் ஒரு சுகமும் இருந்தது. அதை நான் குறை சொல்லமாட்டேன்.

ஒரு கணக்காளருக்கு வேலை போனால், ஆறு மாதம் வீட்டிலிருந்துவிட்டு வேறு இடம் தேடலாம். அவர் படித்த படிப்பு அதற்குள் காலாவதியாகாது. விமானியின் தகுதிக்கோ பால் பெட்டியைப்போலத் தேதி உண்டு. கடைசி 90 நாளில் மூன்று முறையாவது விமானத்தை ஏற்றி இறக்கியிருக்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறை சிமுலேட்டரில் சோதனை. மருத்துவச் சான்றிதழ் ஆண்டுக்கு ஒன்று, 60 வயதைத் தாண்டினால் ஆறு மாதத்துக்கு ஒன்று. ஆங்கிலத் தேர்வில் நான்காம் நிலை வாங்கியவர் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மறுபடியும் போய்ப் பேசிக் காட்ட வேண்டும். 65 வயதானால் பன்னாட்டுப் பயணிகள் விமானத்தில் இருக்கை இல்லை. ஏர்பஸ் 320 ஓட்டியவர் போயிங் 777க்கு மாற வேண்டுமானால் அதற்குத் தனிப் பயிற்சி. வேலையில் இருக்கும்வரை இதையெல்லாம் கம்பெனி பார்த்துக்கொள்ளும். வேலை நின்ற நாளிலிருந்து கடிகாரம் ஓடும், சிமுலேட்டருக்குச் சொந்தக் காசு போகும்.

இதோடு உரிமமும் சேர்கிறது. மலேசிய உரிமத்தை வைத்துக்கொண்டு இன்னொரு நாட்டு விமானத்தை நேரடியாக ஓட்டிவிட முடியாது. சில நாடுகள் தேர்வு வைத்துத் தங்கள் உரிமத்தையே கொடுக்கும். சில நாடுகள் தற்காலிக அனுமதி மட்டும் தரும். இந்தியாவில் வெளிநாட்டு விமானிகளுக்கு அப்படித்தான். சீனாவில் உயரத்தைக்கூட மீட்டரில் சொல்வார்கள். நாமோ அடிக்கணக்கில் பழகியவர்கள். இதையெல்லாம் கற்றுக்கொள்ளலாம், பலர் கற்றுக்கொண்டும் இருக்கிறார்கள். ஆனால் அங்கே மும்முரமாகப் பறக்கும்போது, இங்கே சிவில் விமான ஆணையத்திடம் இருக்கும் சொந்த உரிமத்தைப் புதுப்பிக்காமல் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. திரும்பி வரும்போது அதற்குத்தான் அதிக நாளும் பணமும் செலவாகும்.

2020ஐ மறந்திருக்க மாட்டீர்கள். கோவிட் வந்ததும் சீன நிறுவனங்கள் வெளிநாட்டு விமானிகளைச் சம்பளமில்லா விடுப்பில் அனுப்பின. அந்த மார்ச்சில் இந்தியாவின் கோஏர் வெளிநாட்டு விமானிகளின் ஒப்பந்தங்களை முடித்துக்கொண்டது. அக்டோபரில் கேத்தே டிராகன் என்ற நிறுவனமே மூடப்பட்டது. கஷ்டம் வந்தால் எந்த நாடும் முதலில் தன் பிள்ளையைத்தான் பார்க்கும். நம் நாடும் அப்படித்தான் செய்யும். அதில் கோபப்பட ஒன்றுமில்லை. ஆனால் வெளிநாட்டு விமானிக்கு வேலையோடு விசாவும் போகிறது. கம்பெனி கொடுத்த வீடு போகிறது. பள்ளி ஆண்டின் நடுவில் பிள்ளைகளைப் பிரித்தெடுக்க வேண்டியிருக்கிறது.

அடுத்து ஓய்வுக்காலம். இங்கே மாதம் 5,000 ரிங்கிட்டுக்கு மேல் சம்பளம் என்றால், ஊழியர் சேமநிதிக்கு மகன் பங்கு 11 விழுக்காடு, முதலாளி பங்கு 12 விழுக்காடு. வெளியே போனால் இரண்டுமே நின்றுவிடும். ஐக்கிய அரபு சிற்றரசுகளின் சட்டத்தில் பணிக்கொடை இருக்கிறது: முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் சம்பளம், பிறகு ஆண்டுக்கு 30 நாள். கவனியுங்கள், அது அடிப்படைச் சம்பளத்தின் கணக்கு. வீட்டுப் படியும் பள்ளிப் படியும் அதில் சேராது. மகன் விரும்பினால் சேமநிதியில் தானாகவே பணம் போடலாம். ஆண்டுக்கு ஒரு லட்சம் ரிங்கிட் வரை அனுமதி இருக்கிறது. முதல் மாதச் சம்பளத்திலிருந்தே போடச் சொல்லுங்கள். ஷா ஆலாமில் இரண்டாவது வீடு வாங்குவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஒப்பந்தத்தை முழுதாகக் கேட்டு வாங்குங்கள். கம்பெனி வேலையை நிறுத்தினால் எத்தனை மாத முன்னறிவிப்பு? மகன் நடுவில் விலகினால் பயிற்சிச் செலவில் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும்? மருத்துவச் சோதனையில் தவறினால் இழப்பீடு உண்டா? மூன்றாவதை யாரும் கேட்பதில்லை. பார்வையோ ரத்த அழுத்தமோ ஒரு பிற்பகலில் ஒரு கேப்டனின் சம்பாத்தியத்தை நிறுத்திவிடலாம். அதற்கென்றே உரிம இழப்புக் காப்புறுதி இருக்கிறது. கம்பெனி தராவிட்டால் சொந்தமாக எடுக்க வேண்டும்.

கடிதத்தின் கடைசியில், தாயாருக்கு டயாலிசிஸ் நடக்கிறது என்றும், "அவனுக்கென்ன, இலவச டிக்கெட், நினைத்தால் வந்துவிடுவான்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஊழியர் டிக்கெட் என்பது பெரும்பாலும் காலி இருக்கை இருந்தால் மட்டுமே ஏற்றும் டிக்கெட். தீபாவளி வாரத்திலும் பள்ளி விடுமுறையிலும் கேப்டனே கவுண்டர் ஓரத்தில் பெட்டியோடு காத்திருந்து, விமானம் நிறைந்துவிட்டது என்று திரும்பிப் போவதுண்டு. லீவும் ரோஸ்டர் போடுகிறவர் கையில். முழு விலையில் ஒரு டிக்கெட் வாங்கும் பணத்தை எப்போதும் தனியே எடுத்து வைத்திருக்கச் சொல்லுங்கள். மருத்துவமனைக்கு அம்மாவை வாரம் மூன்று நாள் யார் அழைத்துப் போவது என்பதையும், மகன் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.