பசிக்கும் ஒரு பேலன்ஸ் ஷீட் உண்டு

இளம் வயதில் வெளிநாட்டு நகரம் ஒன்றில் கையில் காசில்லாமல் அலைந்த கதையைப் பெரிய எழுத்தாளர் யாராவது எழுதினால் அதற்கு எப்போதும் மவுசுதான். படித்து முடித்ததும் வாசகருக்கும் ஒரு ஆசை வரும்: எங்காவது ஒரு மாடி ரூமில் பட்டினி கிடந்து நாவல் எழுதினால் என்ன? ஆசைப்படுவதில் தப்பில்லை. கிளம்புவதற்கு முன் கொஞ்சம் கணக்கு மட்டும் பார்த்துவிடுவது நல்லது.

இந்த வகைக்கு ராஜா ஹெமிங்வே. 1921 டிசம்பரில், 22 வயதில், மனைவி ஹாட்லியோடு பாரிஸ் போனார். அந்த நாட்களின் நினைவுகள் அவர் இறந்து மூன்று வருடம் கழித்து, 1964இல், 'எ மூவபிள் ஃபீஸ்ட்' என்ற புத்தகமாக வந்தன. வெந்நீர் வராத வீடு, மாடிப்படி ஓரத்தில் கழிப்பறை, சாப்பாட்டு வாசனை வராத வழியாகப் பார்த்து நடப்பது... பசியோடு போனால் ஓவியங்கள் இன்னும் தெளிவாகத் தெரியும் என்றுகூட எழுதியிருக்கிறார்.

சரி, வரவுப் பக்கத்தைப் பார்ப்போம். ஹாட்லிக்குக் குடும்பச் சொத்திலிருந்து வருடத்துக்குச் சுமார் 3000 டாலர் வந்துகொண்டிருந்தது. ஹெமிங்வே எழுதியனுப்பும் செய்திகளுக்கு டொரன்டோ ஸ்டார் பத்திரிகை தனியாகப் பணம் கொடுத்தது. அதே பத்திரிகையில் 1922 பிப்ரவரியில் அவரே எழுதிய கட்டுரை, வருடத்துக்கு 1000 டாலர் இருந்தால் பாரிசில் வசதியாக வாழலாம் என்கிறது! வீட்டு வேலைக்கு ஆளும் இருந்தது. 1924இல் பத்திரிகை வேலையை விட்டபின் கையைக் கடித்தது உண்மைதான். அப்போதும் குளிர்காலத்தில் பனிச்சறுக்குக்கு ஆஸ்திரியா போக முடிந்தது.

அப்படியென்றால் ஹெமிங்வே பொய் சொன்னாரா? இல்லை. குளிரும் பசியும் நிஜம்தான். செலவுப் பக்கத்தை விரிவாக எழுதிவிட்டு வரவுப் பக்கத்தை லேசாகத் தொட்டுவிட்டுப் போயிருக்கிறார், அவ்வளவுதான்.

அடுத்தவர் ஜார்ஜ் ஆர்வெல். 1928இல் பாரிஸ் போனார். 1929இல் துணிமணியை அடகு வைத்து, ஓட்டலில் பாத்திரம் கழுவினார். 1933இல் அதைப் புத்தகமாக எழுதினார். அருமையான புத்தகம். ஆனால் அதே பாரிசில் அவருடைய அத்தை ஒருவர் குடியிருந்தார். புத்தகத்தில் அந்த அத்தையைக் காணவில்லை!

மூன்றாவது ஆள் நம் மொழிக்காரர், ஷோபாசக்தி. யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் உள்ள அல்லைப்பிட்டியில் 1967இல் பிறந்தவர். சிறு வயதிலேயே புலிகள் இயக்கத்தில் சேர்ந்து, பின் விலகியவர். தாய்லாந்து வழியாக 1993இல் அகதியாகப் பாரிஸ் வந்தார். பாத்திரம் கழுவினார், சமைத்தார், சூப்பர் மார்க்கெட்டில் சாமான் அடுக்கினார். முதல் நாவல் 'கொரில்லா' 2001இல் வந்தது. அவர் நாயகனாக நடித்த 'தீபன்' 2015இல் கான் விழாவின் தங்கப் பனை விருதை வாங்கியது.

மூவருக்கும் ஊர் ஒன்று, பசியும் ஏறக்குறைய ஒன்று. பிறகு எங்கே வித்தியாசம்? திரும்பிப் போகும் வழியில்தான். ஹெமிங்வே கப்பல் ஏறலாம். ஆர்வெல் இங்கிலாந்தில் பெற்றோர் வீட்டுக்குப் போகலாம், 1929 முடியும்போது போகவும் செய்தார். ஷோபாசக்தி வந்தபோது ஊரில் போர், அது 2009 வரை நடந்தது. ஒருவரின் வறுமையை அளக்க அவர் பையில் என்ன இருந்தது என்று பார்த்தால் போதாது. தாங்க முடியாமல் போகும் நாளில் அவருக்கு எந்தக் கதவு திறக்கும் என்றும் பார்க்க வேண்டும். கதவு உள்ளவருக்குப் பசி ஒரு அனுபவம். இல்லாதவருக்கு அது வெறும் பசி.

இதைப் பார்க்க பாரிஸ் வரை போக வேண்டியதில்லை. தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் ஒரே ரூமில் ஆறு பேர் பாய் விரித்துப் படுக்கிறார்கள். ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்களுக்கு இங்கே கடை போர்டுகூடப் படிக்க வராது. சென்னை அவர்களுக்கு வெளிநாடு மாதிரிதான். ஓட்டல்களில் அவர்கள் செய்வதும் ஆர்வெல் செய்த அதே வேலை. 2020 ஊரடங்கில் கூலி நின்றது, ரயிலும் நின்றது. இருந்த ஒரே கதவும் மூடியது. அந்த மே மாதம் ஊருக்குப் போக ரயில் கேட்டு அவர்கள் தெருவுக்கே வந்துவிட்டார்கள்.

பசிதான் எழுத்தாளரை உண்டாக்கும் என்றால் இந்தப் பக்கத்துக் கட்டிட வேலைக் கொட்டகைகளிலிருந்து வருடத்துக்கு நூறு நாவலாவது வந்திருக்க வேண்டும். வரவில்லையே! எழுத நேரம் வேண்டும், உடம்பில் தெம்பு வேண்டும், நாளைய சோற்றைப் பற்றிப் பயமில்லாத ஒரு ராத்திரியாவது வேண்டும். பசி இந்த மூன்றையும்தான் முதலில் பிடுங்கிக்கொள்கிறது. ஷோபாசக்தி எழுதியது பசியால் இல்லை, பசியையும் மீறி.

எனவே நினைவுக் குறிப்புகளைத் தாராளமாகப் படியுங்கள், ரசியுங்கள். ஆனால் ரூம் வாடகைக்குத் திணறும் பையனிடம் யாராவது "கஷ்டப்பட்டாதான்பா மேல வர முடியும்" என்று தத்துவம் சொன்னால், அந்தப் பையனுக்கு இந்த ஊரில் ஒரு அத்தை இருக்கிறாரா என்று கேளுங்கள்.