படம் பார்த்தோம், பாடம் என்ன?

சினிமா தொழிலாளியைக் கெடுக்கிறது என்று மேடையேறிப் பேசுவது எளிது. விடியுமுன் பெரட்டுக்கு ஓடி, பால்மரக் காட்டிலும் செம்பனைக் காட்டிலும் முதுகொடிய உழைத்து வந்த உடம்புக்கு ஒரு பாட்டும் ஒரு சிரிப்பும் வேண்டாமா என்று பதில் சொல்வதும் எளிது. இரண்டு பேச்சையும் நாம் போதுமான அளவு கேட்டுவிட்டோம். இன்று நாம் தோழர்கள் முன் வைக்க விரும்புவது வேறொரு கேள்வி. தோட்டத்தைப் பற்றியும் தோட்டத் தொழிலாளியைப் பற்றியும் எடுக்கப்பட்ட படங்கள் நம் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டன. அவற்றை நாம் எப்படிப் பார்க்கிறோம்? பார்த்து முடித்தபின் என்ன பேசிக்கொள்கிறோம்?

ஒரு காலத்தில் தோட்டத்துத் திடலில் இரண்டு கம்பம் நட்டு, வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டினார்கள். லயமே பாயைச் சுருட்டிக்கொண்டு திடலுக்கு வரும். ரீல் மாற்றும் நேரத்தில் கதாநாயகன் செய்தது சரியா தவறா என்று வாதம் நடக்கும். மறுநாள் மரம் வெட்டும் நிரையிலும் அந்த வாதம் தொடரும். 1980களில் வீடியோ வந்தது. படம் வீட்டுக்குள் புகுந்தது. 1996இல் ஆஸ்ட்ரோ வந்தது. இன்று கைப்பேசியே கொட்டகையாகிவிட்டது. தகப்பனுக்கு ஒரு படம், மகனுக்கு ஒரு படம், மூலைக்கு ஒருவர். படம் பெருகிவிட்டது; படத்தைப் பற்றிய பேச்சு நின்றுவிட்டது. இதைத்தான் நாம் குறையென்று சொல்கிறோம்.

ஆகவே அண்மையில் கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா, களும்பாங் வட்டாரத்து வீடுகளில் குடும்பத்தோடு உட்கார்ந்து ஐந்து படங்களைப் பார்த்தோம். ஐந்தும் புதுப்படங்கள் அல்ல. ஐந்தும் உழைப்பாளியின் கதைகள். நம் கருத்தை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறோம்.

முதலாவது, பாலா இயக்கி 2013இல் வெளிவந்த ‘பரதேசி’. பஞ்சத்தில் வாடும் ஒரு கிராமத்துக்குக் கங்காணி வருகிறான், முன்பணம் கொடுக்கிறான், தேயிலை மலைக்கு அழைத்துப் போகிறான். கணக்குப் பார்க்கும் நாளில், பிடித்தமெல்லாம் போகத் தொழிலாளி கையில் மிஞ்சுவது கடன்தான். கடன் தீராமல் மலையை விட்டு இறங்க முடியாது. நம் வீட்டுப் பெரியவர்கள் இந்தக் காட்சிகளைப் பார்த்துக் கண்கலங்கினார்கள். அதில் வியப்பில்லை. அவர்களுடைய தாய் தந்தையர் கப்பலேறியதும் கங்காணியின் வாய்ச்சொல்லை நம்பித்தானே! 1938இல் இந்திய அரசாங்கம் கூலியாட்களை அனுப்புவதற்குத் தடை போடும்வரை, மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்ததில் கங்காணிக்குத் தலைக்கு இவ்வளவு என்று காசு கிடைத்தது.

ஆனால் இந்தப் படத்தில் நமக்கு ஒரு மனக்குறை உண்டு. ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக வேலை பார்த்த டாக்டர் பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘ரெட் டீ’ என்ற நாவலே இப்படத்துக்கு அடிப்படை. அதை இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழில் தந்திருக்கிறார். தொழிலாளியின் நோயையும் சாவையும் அருகிலிருந்து பார்த்து, அவனுக்காகப் பாடுபட்ட ஒரு மருத்துவர் எழுதிய நூல் அது. படத்திலோ மருத்துவர் ஆடிப்பாடி மதம் மாற்றும் கோமாளியாக வருகிறார். எழுதியவரின் தொண்டையே கேலி செய்வது போன்ற வேலை இது. இந்தக் குறையைச் சொல்லாமல் கண்ணீரை மட்டும் பாராட்டுவது நேர்மையாகாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘பரதேசி’யைப் பார்த்து அழுத நாம், இன்று செம்பனைக் காட்டில் நம் பக்கத்தில் குலை சுமக்கும் வங்காளதேசத்துத் தொழிலாளியையும் இந்தோனேசியத் தொழிலாளியையும் பார்த்து என்ன நினைக்கிறோம்? ஊரில் முகவருக்குக் கடன் வாங்கிப் பணம் கட்டிவிட்டு வந்தவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். பெயர்தான் மாறியிருக்கிறது, கங்காணி மாறவில்லை. அவர்களை ‘வந்தேறிகள்’ என்று ஏசுகிறவன் தன் பாட்டனையும் சேர்த்தே ஏசுகிறான்.

இரண்டாவது, தீபக் குமாரன் மேனன் இயக்கிய ‘செம்மண் சாலை’. 2005ஆம் ஆண்டின் மலேசியத் தமிழ்ப்படம். 1960களின் ரப்பர் தோட்டத்தில் சாந்தா என்ற பெண் மேற்கொண்டு படிக்க விரும்புகிறாள். சண்டை இல்லை, குத்துப்பாட்டு இல்லை, ஊரை எரிக்கும் வில்லனும் இல்லை. ‘படம் நகரவே மாட்டேன் என்கிறதே’ என்று நம் வீட்டு இளைஞர்கள் முணுமுணுத்தார்கள். நாம் அவர்களுக்குச் சொன்ன பதில் இது: தோட்டத்தில் ஒரு பெண்பிள்ளையின் படிப்பு அப்படித்தான் மெல்ல மெல்ல நகர்ந்தது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்றது. பள்ளிக்கூடம் வைத்தார்கள். அதற்கு மேலே ஏறப் படிக்கட்டு வைத்தவர் யார்? பெற்ற தாயின் வெட்டுக்கத்தியும் தகப்பனின் பால்வாளியும்தான். நம் வட்டாரத்து வீடுகளில் தாய்மாரும் மகள்களும் சேர்ந்து பார்க்க வேண்டிய படமென்றால் இதைத்தான் முதலில் சொல்வோம்.

மூன்றாவது ‘கபாலி’. 2016இல் பா. ரஞ்சித் இயக்கத்தில் ரஜினிகாந்த் நடித்த படம். இதைப் பார்க்காத தோட்டமே இல்லை. தோட்டத்துப் பிள்ளை ஒருவன், சரிசமமான கூலி கேட்டு எழுந்து நிற்பதைப் பெரிய திரையில் காட்டியதற்காக நன்றி சொல்கிறோம். மலேசியத் தமிழன் என்றொரு மனிதன் உலகில் இருக்கிறான் என்று பலருக்குத் தெரியவைத்த படம் இது. ஆனால் கூலி கேட்டு எழுந்தவன், கொஞ்ச நேரத்தில் கோட்டு சூட்டு அணிந்த கும்பல் தலைவனாகிவிடுகிறான். கூடி நின்ற தொழிலாளர்கள் எங்கே போனார்கள் என்று படம் சொல்லவில்லை.

நம் மண்ணின் கதை அப்படியல்ல. 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கிய வேலைநிறுத்தம் கோல சிலாங்கூர் வரை பரவியது. சீனத் தொழிலாளிக்கு நிகரான கூலி வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும், துரையைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் கேவலம் ஒழிய வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் பணியாற்றிய ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வந்தது, துப்பாக்கி வெடித்தது, தொழிலாளர்கள் மாண்டார்கள். அங்கே ஒரு கபாலி இல்லை. ஆயிரக்கணக்கான ஆணும் பெண்ணும் இருந்தார்கள். அந்தக் கதையை எடுக்க இன்னும் எவரும் முன்வரவில்லையே என்பதே நம் ஆதங்கம். மலேசியாவில் திரையிட்டபோது, கபாலி காவல் துறையிடம் சரணடைந்தான் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தார்கள். கும்பல் வாழ்க்கையை நம் பையன்கள் வெறுக்க அந்த ஒரு வரி போதாது.

அது ஏன் போதாது என்பதைச் சொல்கிறது நான்காவது படமான ‘ஜகாட்’. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015இல் வெளிவந்தது. 2016இல் நடந்த 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் முதலில் மொழியை வைத்துப் படங்களைப் பிரித்தார்கள். எதிர்ப்புக் கிளம்பிய பிறகு அந்தப் பிரிவினை தளர்ந்தது. சிறந்த மலேசியப் படம் என்ற விருது ‘ஜகாட்’டுக்குக் கிடைத்தது. மலாய்க்காரத் தோழர்களும் சீனத் தோழர்களும் நமக்காகக் குரல் கொடுத்ததை நாம் மறக்கலாகாது.

கதை 1991இல் நடக்கிறது. தோட்டம் உடைந்து வெளியேறிய குடும்பம் புறம்போக்குக் குடியிருப்பில் ஒண்டிக் கிடக்கிறது. அப்போய் என்ற பன்னிரண்டு வயதுப் பையன் சூட்டிகையானவன், கற்பனை உள்ளவன். பள்ளிக்கூடமும் அடிக்கிறது, தகப்பனும் அடிக்கிறான். ‘ஜகாட்’ என்று ஏச்சு விழுகிறது. மலாய்ச் சொல்லான ‘ஜாஹாட்’ நம் தமிழர் வாயில் அப்படித்தான் ஆயிற்று. தகப்பனோ தன் மகன் தன்னைப்போல் ஆகக்கூடாது என்ற ஆசையில்தான் அடிக்கிறான். பையன் கண்ணுக்கு மரியாதையோடு நடப்பவனாகத் தெரிகிறவன் கும்பலில் இருக்கும் சித்தப்பன் ஒருவனே. பிறகு நடப்பதைப் படமே சொல்லட்டும். இதைப் பார்த்துக் கொண்டிருந்தபோது பல வீடுகளில் தகப்பன்மார் வாய் திறக்கவில்லை. இந்த ஐந்தில் சிறந்தது எதுவென்று கேட்டால் தயங்காமல் ‘ஜகாட்’ என்போம்.

ஐந்தாவது, லெனின் பாரதி இயக்கிய ‘மேற்குத் தொடர்ச்சி மலை’. 2018இல் வந்தது. ஏலக்காய் மூட்டை சுமக்கும் ரெங்கசாமிக்கு ஒரே ஆசை: ஒரு துண்டு நிலம். ஒரு மூட்டை பள்ளத்தில் சிதறுகிறது, ஆசையும் சிதறுகிறது. பின்னர் நிலம் கிடைக்கிறது. கடன் அதை விழுங்குகிறது. கடைசியில் தனக்குச் சொந்தமாக இருந்த அதே நிலத்தில், காற்றாலைக் கம்பெனிக்குக் காவலாளியாக உட்கார்ந்திருக்கிறான். தோழர்களே, நம்மூரில் இதற்கு ‘ஜாகா’ என்று பெயர். பால்மரம் வெட்டிய அதே மண்ணில் வீடமைப்புத் திட்டம் எழுந்தபின், அதன் வாசலில் ஜாகாவாக நிற்கும் முன்னாள் வெட்டுமரத் தொழிலாளியை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

இந்தப் படம் தொழிற்சங்கத்தையும் விட்டுவைக்கவில்லை. முதலாளி பக்கம் சாய்ந்த ஒரு தலைவனைக் காட்டுகிறது. அதைப் பொறுக்காமல் கத்தியெடுத்த தொண்டனையும் காட்டுகிறது. இது தொழிற்சங்கப் பத்திரிகை. அதனால் இந்தக் காட்சியை மறைத்துவிட்டுப் பேசலாமா? கூடாது. உறுப்பினன் கேள்வி கேட்காத சங்கத்தில் அப்படிப்பட்ட தலைவன் முளைப்பான். அதே நேரத்தில் கத்தியெடுத்ததால் ரெங்கசாமி குடும்பத்துக்கு என்ன கிடைத்தது? சிறையும் கடனும்தான். கூட்டத்தில் எழுந்து கேட்க வேண்டியதைக் கூட்டத்திலேயே கேட்க வேண்டும்.

இனி ஐந்து படங்களையும் சேர்த்து வைத்துப் பார்ப்போம். ‘பரதேசி’யின் ராசாவுக்கு இருப்பது துரையின் குடிசை. சாந்தாவின் குடும்பத்துக்குத் தோட்டத்து லயம். அப்போய்க்கு எப்போது இடிப்பார்களோ என்ற பலகை வீடு. ரெங்கசாமிக்கு இருந்ததும் போயிற்று. பெரிய வீடு வாய்த்தது கபாலி ஒருவனுக்குத்தான். அது எந்த வழியில் வந்தது என்பது நமக்குத் தெரியும். தொழிலாளிக்குச் சொந்தக் கூரை இல்லை என்பதே இந்தக் கதைகளின் வேர். வேலையோடு வீடு ஒட்டிக்கொண்டிருந்தது; வேலை போனதும் வீடும் போயிற்று; வீடு போனதும் பள்ளிக்கூடம், கோவில், அண்டை அயல் எல்லாம் போயின. கட்டுக்கோப்புப் போன இடத்தில் கும்பல் வந்து உட்கார்ந்தது. பையன் கெட்டான் என்று பையனைத் திட்டுகிறோம். அவனுக்கு முன்னால் கெட்டது எது என்று கேட்பதில்லை.

இதை அறிந்துதான் 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். துண்டாடப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளியே பங்கு போட்டு வாங்கட்டும் என்றார். 1990ஆம் ஆண்டின் வீட்டுவசதித் தரச் சட்டம் தண்ணீரையும் மின்சாரத்தையும் பேசியது; வேலை முடிந்தபின் அந்த வீடு யாருக்கு என்ற கேள்விக்கு அதில் விடையில்லை. விடை இல்லாததால்தான் நம் பக்கத்து மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, மின்யாக், புக்கிட் தாகார் ஆகிய தோட்டங்களின் மக்கள், தோட்டம் கைமாறியபின் பல்லாண்டுகள் சொந்த வீடு கேட்டு அலைய நேர்ந்தது.

ஆதலால் நம் யோசனை இது. தோட்டமிருந்தாலும், தோட்டம் போய்த் தாமான் ஆகிவிட்டிருந்தாலும், மாதம் ஒரு படத்தை நான்கு குடும்பங்கள் ஒரே வீட்டில் சேர்ந்து பார்க்கட்டும். முடிந்ததும் விளக்கைப் போட்டுவிட்டு மூன்று கேள்விகள் கேட்கட்டும். இந்தக் கதையில் வீடு யாருக்குச் சொந்தம்? கூலி இவ்வளவென்று தீர்மானித்தவன் யார்? விடிவு தேடியவன் தனியே போனானா, நாலு பேரோடு சேர்ந்து போனானா? நடிகரின் நடையுடையைப் பற்றி அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுங்கள், யாரும் தடுக்கவில்லை.

தொடங்குகிறவர்கள் ‘ஜகாட்’டிலிருந்தே தொடங்கலாம். அடிதடியும் வசையும் உள்ள படமாதலால் சின்னஞ்சிறுசுகளைத் தூங்க வைத்துவிட்டு, இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். படம் முடிந்ததும் அறிவுரை சொல்ல அவசரப்பட வேண்டாம். முதலில் பிள்ளை பேசட்டும், பெரியவர்கள் கேளுங்கள்.